பம்பாய்க் காட்டுப்பூனையும் நகை என்னும் மெய்ப்பாடும்

ஒருவரே பல வேடங்களில் தோன்றிய படம் எது என்று வகுப்பில் கேட்டால் விடை உடனே வரும். 2008இல் வெளிவந்த 'தசாவதாரம்' என்பார்கள் பிள்ளைகள். ஆசிரியர் அறையில் கேட்டால் 1964இன் 'நவராத்திரி' என்பார்கள். பத்தும் ஒன்பதும் நமக்கு மனப்பாடம். அவற்றுக்கெல்லாம் முன்பே, 1927இல், ஒரு பெண் எட்டு வேடங்களில் தோன்றினார் என்ற செய்தி மட்டும் எவர் நாவிலும் வருவதில்லை. படத்தின் பெயர் 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'. நம் வசதிக்காகப் 'பம்பாய்க் காட்டுப்பூனை' என்று வைத்துக்கொள்வோம். பேசாப்படம். நடித்தவர் சுலோசனா.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் அமர்ந்துகொண்டு, தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு பம்பாய்ப் படத்தைப் பற்றி எழுத என்ன வந்தது என்று வாசகர் வினவலாம். ஒரு கல்லூரி ஆண்டு விழாதான் காரணம். அதில் நாம் வாய்மூடி இருந்துவிட்டோம். அதற்கு வருமுன் சுலோசனாவைப் பற்றிச் சிறிது.

1907இல் புணேயில் பிறந்தபோது அவர் பெயர் ரூபி மையர்ஸ். பாக்தாத் வழிவந்த யூதக் குடும்பம். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவரைக் கோஹினூர் ஃபிலிம் கம்பெனியைச் சேர்ந்த மோகன் பவ்னானி நடிக்க அழைத்தார். முதலில் மறுத்தவர் பின்னர் இசைந்தார். 'குடும்பப் பெண்கள்' திரைக்கு வர அஞ்சிய காலம் அது. ஆகவே யூதப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் அந்த இடத்தை நிரப்பினார்கள். அவர்களுக்குப் புராணப் பெயர்களைச் சூட்டிவிட்டால் ஊர் ஏற்றுக்கொள்ளும் என்று கம்பெனிக்காரர்கள் கணக்கிட்டார்கள். ரெனீ ஸ்மித் சீதாதேவி ஆனார். ரூபி மையர்ஸ் சுலோசனா ஆனார். இந்திரஜித்தின் மனைவி பெயர்!

1926இல் சந்துலால் ஷா இயக்கிய 'டைப்பிஸ்ட் கேர்ள்' படத்தில் அவரோடு நடித்தவர் நம் புதுக்கோட்டைக்காரர் ராஜா சாண்டோ என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். தட்டச்சுக்காரி, தொலைபேசிக்காரி என்று நகரத்தில் வேலைக்குப் போகும் பெண்ணாகவே அவரைத் திரை மீண்டும் மீண்டும் காட்டியது. கவர்னரைவிட அதிகச் சம்பளம் வாங்கியவர் என்ற பேச்சு அவரைப் பற்றி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நடிகையைப் பற்றி நம்மவர்க்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருவது சம்பளம், அடுத்தது அழகு. வேலை மூன்றாமிடத்துக்கும் வருவதில்லை.

'காட்டுப்பூனை' அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிக்காகப் பவ்னானி எடுத்த படம். எட்டு வேடங்களில் ஐந்தைப் பற்றிய குறிப்பு எளிதாகக் கிடைக்கிறது: தோட்டக்காரர், போலீஸ்காரர், ஐதராபாத் கனவான், தெருப்பிள்ளை, பொன்னிறக் கூந்தல் ஐரோப்பியப் பெண். இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஐரோப்பிய முகச்சாயல் கொண்ட ஒரு பெண்; இந்துப் பெயர் சூட்டப்பட்டு இந்திய நாயகி ஆனவர்; அவர் மறுபடியும் பொய்முடி தரித்து ஐரோப்பியப் பெண்ணாக 'வேடம்' போடுகிறார். தம் சொந்த முகமே மாறுவேடமாகிவிடுகிற இந்த வேடிக்கையை எழுதியவர்கள் அறிந்தே செய்தார்களா என்பது கிடக்கட்டும். கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். அது போலீஸ்காரர் வேடத்துக்கும் பொருந்தும். 1927இல் போலீஸ்காரர் என்றால் வெள்ளை அரசின் கை. அந்தக் கையின் நடையை, மிடுக்கை, ஒரு பெண் தன் உடம்பில் ஏற்றிக் காட்டுகிறாள். ஒலி இல்லை, வசனம் இல்லை. நடையாலும் தோளாலும் புருவத்தாலும் மட்டுமே ஆணாக வேண்டும். மாறுவேடம் சாகசக் கதைக்கு உரியது என்பார்கள். இருக்கலாம். ஆனால் கதைமாந்தர்க்குத் தெரியாததும் பார்ப்போர்க்குத் தெரிந்ததுமான ஒரு செய்தி திரையில் ஓடிக்கொண்டே இருக்குமானால் அங்கே விளைவது நகைதான். ஆகவே அதை நகைச்சுவைப் படம் என்றே நாம் கொள்கிறோம்.

இதற்குச் சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன், 1917இல், பால்கேயின் 'லங்கா தகன'த்தில் சாலுங்கே என்ற ஆண் நடிகர் இராமனாகவும் சீதையாகவும் ஒருவரே தோன்றினார். அந்தச் செய்தியைத் திரைப்பட வரலாறு எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். ஓர் ஆண் இரண்டாவது பெருவியப்பு. ஒரு பெண் எட்டாவது அடிக்குறிப்பு. இதில் வெறும் கணக்குப் பிழைதான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றவில்லை.

நிற்க. பார்க்காத படத்தைப் பற்றி எவ்வளவு பேசலாம்? 'காட்டுப்பூனை' இன்று இல்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட பேசாப்படங்கள் ஏறத்தாழ 1,300. எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு, அவற்றிலும் சில துண்டுதுண்டாக. தென்னாட்டுப் பேசாப்படங்களில் முழுநீளமாக நம் கைக்கு வந்து சேர்ந்தது நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றுதான். அதுவும் எப்படிப் பிழைத்தது? நாவலின் உரிமை குறித்து வழக்கு வந்து படச்சுருளைப் பறிமுதல் செய்தார்கள், அதனால் பிழைத்தது. வழக்கு வந்த படம் வாழ்ந்தது, வழக்கில்லாமல் ஓடிய படமெல்லாம் மாண்டது!

தமிழ் படித்தவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. வளையாபதியை முழுமையாகக் கண்டவர் எவருமில்லை. எழுபதுக்குச் சற்று முன்பின்னான பாடல்களை வைத்துக்கொண்டுதான் அதை ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணுகிறோம். குண்டலகேசிக்கு அதுவும் இல்லை. உரையாசிரியர் போகிறபோக்கில் சொன்ன ஒரு பெயரைக் கொண்டு ஒரு நூல் இருந்தது என்று நிறுவுகிறோம். மாணவர்க்கு அதில் இரண்டு மதிப்பெண் வினாவும் வைக்கிறோம். ஏட்டுக்குச் செய்கிற இந்த மரியாதையைப் படச்சுருளுக்குச் செய்யக் கூடாதா? 'காட்டுப்பூனை' தலைசிறந்த படைப்பு என்று நாம் சாதிக்கவில்லை. அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. அது இருந்தது, அதில் இன்னார் இன்ன இன்ன வேடம் பூண்டார் என்ற அளவாவது வரலாற்றில் தடித்த எழுத்தில் ஏற வேண்டும் என்கிறோம்.

அந்தச் சுருள்கள் அழிந்த விதம் நாரணாபுரத்துக்காரர்களுக்கு மற்றவர்களைவிட எளிதில் விளங்கும். அக்காலப் படச்சுருள் பருத்தியை அமிலத்தில் ஊறவைத்து நைட்ரேட்டாக்கிக் கற்பூரம் சேர்த்துச் செய்தது. வெடிப்பருத்தி என்ற வெடிபொருளுக்கு நெருங்கிய பங்காளி. எரியத் தொடங்கினால் வெளிக்காற்று வேண்டாம்; தனக்கு வேண்டிய உயிர்வளியைத் தானே சுமந்துகொண்டிருக்கும்; தண்ணீரில் அமிழ்த்தினாலும் அடங்காது. எங்கள் ஊரில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கலவையை 'மருந்து' என்பார்கள். மருந்து அறையில் எத்தனை பேர் இருக்கலாம், தரையில் என்ன விரிக்க வேண்டும், எந்த வெயிலில் வேலையை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் சிறுபிள்ளைக்கும் தெரிந்த ஊரில், 'படமும் ஒரு மருந்துதான்' என்றால் போதும். மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. 1950களின் தொடக்கம்வரை உலகெங்கும் இந்தச் சுருள்தான் ஓடிற்று. 2003 ஜனவரியில் புணேயில் பிடித்த தீயிலும் பழைய நைட்ரேட் சுருள்கள் பெருந்தொகையாக எரிந்துபோயின.

எரியாதவை வேறு வழியில் போயின. படச்சுருளின் மேற்பூச்சில் வெள்ளி உண்டு. பழைய பட்டுச்சேலைச் சரிகையை உருக்க வாங்கிப் போகிறவர்கள் தெருவில் வருவார்கள் அல்லவா? அதே வணிகம்தான். புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி. கே. நாயர் 'ஆலம் ஆரா'வைத் தேடி இரானியிடம் போனபோது, சில சுருள்கள் கிடக்கும் என்றாராம் அவர். பின்னர் இரானியின் மகன் அவற்றை வெள்ளிக்காகக் கொடுத்தாகிவிட்டது என்று நாயரிடம் சொல்லிவிட்டார். நாட்டின் முதல் பேசும்படத்துக்கே இந்தக் கதி. அதே கம்பெனியின் ஒரு கேளிக்கைப் படத்தை யார் சட்டை செய்திருப்பார்கள்?

படம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மரியன் டேவிஸ் என்ற அமெரிக்க நடிகை பல்லாண்டுக் காலம் ஒரு பத்திரிகைப் பெருமுதலாளியின் ஆசைநாயகியாக மட்டுமே அறியப்பட்டார். 1941இன் 'சிட்டிசன் கேன்' வந்தபின் அதில் வரும் திறமையற்ற பாடகி இவர்தான் என்று ஊர் முடிவுகட்டியது. ஆனால் 1928இல் கிங் விடோர் இயக்கிய 'ஷோ பீப்பிள்' என்ற பேசாப்படம் அழியாமல் இருந்தது. பின்னாளில் அதைத் திரையிட்டுப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். தம் முகத்தையே கேலிப்பொருளாக்கி, பெரிய நடிகைகளின் பாவனைகளைப் பகடி செய்து, சோடாத் தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொண்டு சிரிக்க வைக்கிற தேர்ந்த கலைஞர் ஒருவர் அங்கே இருந்தார். படச்சுருள் அவருக்காகச் சாட்சி சொல்லிற்று. சுலோசனாவுக்குச் சாட்சி இல்லை. இருப்பவை சில நிழற்படங்கள். 2013இல் அஞ்சல்துறை அவர் முகத்தை ஒரு தபால்தலையாக வெளியிட்டது. அசையாத முகம்! எங்கள் ஊர்ப் பட்டாசுப் பெட்டிகளின் லேபிளில் சிரிக்கிற நடிகைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைவு வரும். உள்ளே இருப்பது எரிந்து போனபின் தெருவில் கிடப்பது அந்த முகம்தான்.

இலக்கிய அன்பர்கள்மீதும் ஒரு குறை உண்டு. பிரேம்சந்த் திரைக்கதை எழுதிய 'மில்' என்ற 'மஸ்தூர்' (1934) படம் தொலைந்துவிட்டதே என்று வருந்தி எழுதாத இலக்கிய ஏடு குறைவு. அதை இயக்கியவர் அதே பவ்னானிதான். அவருடைய கை ஆலைத் தொழிலாளர் கதையைத் தொட்டால் அது இழப்பு. ஒரு பெண் எட்டு வேடம் கட்டிச் சிரிக்க வைத்ததைத் தொட்டால் அது போனால் போகட்டும். கண்ணீருக்கு ஒரு விலை, சிரிப்புக்கு வேறு விலை. தொல்காப்பியர் இப்படிச் செய்யவில்லை. மெய்ப்பாடு எட்டில் அவர் முதலில் வைத்தது நகையை. அழுகை அதற்கு அடுத்ததுதான். (எட்டு மெய்ப்பாடு, எட்டு வேடம் என்று முடிச்சுப் போடப் போகிறோமோ என்று அஞ்ச வேண்டாம். எண்ணைக் கண்டால் தமிழாசிரியர்க்குக் கை அரிக்கும் என்பது உண்மையே, அடக்கிக்கொள்கிறோம்.) ஆனால் நகையை முதலில் வைத்த அதே மரபு, பெண்ணின் நகையைப் பெரும்பாலும் அவள் பல்வரிசையாகவும் முறுவலாகவும்தான் பாடிவைத்தது, பிற்காலத்தில் அச்சொல் அவள் கழுத்தணியாகவும் ஆயிற்று. நகைக்கப்படுகிறாள், முறுவலிக்கிறாள், நகை விளைவிப்பவள் அவளல்லள். ஊரின் தீர்ப்போ இன்னும் சுருக்கம்: பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு.

தமிழ்த் திரையும் இந்த வேலியைத் தாண்டவில்லை. பெண் ஆண்வேடம் பூண்டதை நாம் ஏற்றோம், எப்போது? 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தபோது ஏற்றோம். இலட்ச ரூபாய் ஊதியம் என்று பெருமையும் பேசினோம். 1941இல் 'சாவித்திரி'யில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக வந்தபோது ஏற்றோம். பக்தியும் பாட்டும் இருந்தால் வேட்டி கட்டலாம். சிரிக்க வைப்பதற்காக என்றால்? அதற்குத் தனி இனம் ஒன்றை வகுத்தோம். மதுரத்திலிருந்து மனோரமாவும் கோவை சரளாவும்வரை எத்தகைய கலைஞர்கள்! ஆனால் அவர்கள் நாயகிக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். 1962இல் 'வீரத்திருமக'னில் நாயகியாக இருந்த சச்சு 1964இல் 'காதலிக்க நேரமில்லை'யில் நகைச்சுவைக்கு வந்ததை ஒரு இறக்கமாகவே அன்று பலர் கண்டனர். அந்தப் படத்தில் அவர் செய்ததை இன்று பார்க்கிறவர் எவரும் அதை இறக்கம் என்னார். நாயகியும் நகைப்போளும் ஒருத்தியாகவே இருக்கலாம் என்ற வழியை 1927இலேயே ஒருவர் திறந்து காட்டியிருந்தார்.

அந்த வழியைப் பேசும்படமும் அடைத்தது. 1931 மார்ச்சில் இம்பீரியல் 'ஆலம் ஆரா'வை வெளியிட்டது. அதே கம்பெனி அக்டோபரில் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதா'ஸை வெளியிட்டது. நாடக மேடையில் பாடிப் பழகிய டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசிப் பாடினார். அதே நிறுவனத்தின் பெருநட்சத்திரமான சுலோசனாவுக்கோ இந்துஸ்தானி வராது. ஓராண்டு ஒதுங்கி மொழி பயின்று 1932இல் 'மாதுரி'யில் மீண்டார்; தம் பழைய படங்களையே பேசும்படங்களாக மறுபடி நடித்தார்; 'காட்டுப்பூனை'யும் 1936இல் 'பம்பாய் கி பில்லி' ஆயிற்று. பின்னர் வாய்ப்புகள் சுருங்கின. மௌனப்பட 'அனார்கலி'யில் நாயகியாக இருந்தவர் 1953இன் 'அனார்கலி'யில் சலீமின் தாயாக வந்தார். 1973ஆம் ஆண்டுக்கான பால்கே விருது கிடைத்தது. 1983இல் மறைந்தார்.

இனி அந்த ஆண்டு விழா. சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி விழாக் குழுவில் நாமும் இருந்தோம். மாணவி ஒருத்தி தனிநடிப்புக்குப் பெயர் கொடுத்திருந்தாள். தாய் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர். ஒரு துண்டும் ஒரு சில்வர் தூக்குவாளியும்தான் அவளுடைய ஒப்பனைப் பொருள்கள். சம்பள நாளன்று ஓர் ஆலையில் நடப்பதை ஆறு பேராக மாறி மாறிச் செய்து காட்டினாள்: போர்மேன், கணக்கப்பிள்ளை, மருந்து கலக்கிக் கலக்கி உள்ளங்கை வெள்ளியாகிப்போன தாத்தா, வேன் டிரைவர், திரி வெட்டும் அக்கா, திடீர் ஆய்வுக்கு வந்து டீ மட்டும் குடித்துவிட்டுப் போகும் அதிகாரி. துண்டு தோளில் விழுந்தால் போர்மேன், இடுப்பில் ஏறினால் டிரைவர், தலையில் சுற்றினால் தாத்தா. ஒத்திகை பார்த்த குழுவினர் அனைவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் ஒருவர் கேட்டார், 'பெண்பிள்ளை ஆம்பளை மாதிரி நின்றுகொண்டு கோமாளித்தனம் செய்வது கல்லூரிக்கு அழகா?' இன்னொருவர் அதை வழிமொழிந்தார். ஆண்வேடங்களை எடுத்துவிட்டு மற்றதை நடிக்கட்டும் என்று முடிவாயிற்று. ஆறில் நான்கு போனால் மிஞ்சுவது என்ன? அவள் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அன்று மாலை மாணவர்கள் நால்வர் சேலை கட்டி ஆடினார்கள். அரங்கமே அதிர்ந்தது. அழகைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

நாம் அக்கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. நகையின் நிலைக்களன் நான்கு என்று அதே வாரத்தில் வகுப்பெடுத்தவர்கள் நாம். சுலோசனாவின் எட்டு வேடங்களைப் பற்றி அன்று அறிந்திருந்தால் பேசியிருப்போமா? அறிந்திருக்கவில்லை என்பதை ஒரு சமாதானமாகச் சொல்லிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. சுந்தராம்பாளின் நந்தனாரைத்தான் அன்றே அறிந்திருந்தோமே.

அண்மையில் அந்த மாணவியைச் சிவகாசிப் பேருந்து நிலையத்தில் பார்த்தோம். ஒரு அச்சகத்தில் காலண்டர் கணக்கு எழுதுவதாகச் சொன்னாள். 'பம்பாய்க் காட்டுப்பூனை'யைப் பற்றிச் சொன்னோம். எட்டா என்று கேட்டுக்கொண்டாள். அந்த ஆறு பேர் நினைவிருக்கிறார்களா என்றோம். தோளில் கிடந்த துப்பட்டாவை இழுத்து இடுப்பில் சுற்றிக் கையை ஆட்டி டிரைவராகவே நின்றாள். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்மணி சிரித்துவிட்டார். 'போர்மேன் மட்டும் மாறிட்டாருங்கய்யா. புது ஆளு வந்திருக்காருன்னு அம்மா சொல்லுது. அவரை இன்னும் நான் பாக்கல, பாத்துட்டுச் சேக்கணும்' என்றாள். அதற்குள் திருத்தங்கல் பேருந்து வந்துவிட்டது.